நின்று காணும் கண்



மும்மணிகளுள் முதலாவது நற்காட்சி. அது மெய்ப்பொருளில் ஐயமற்ற தெளிவு. புறக்கண்ணால் காண்பது மட்டுமன்று. ஆயினும், எதிரில் நிற்பதையே நின்று காணாதவன், கண்ணுக்கெட்டாத உயிரின் இயல்பை எங்ஙனம் தெளிவான்?

1851ஆம் ஆண்டு நிறுவப்பெற்றுச் சென்னை எழும்பூரில் விளங்கும் அரசு அருங்காட்சியகத்திற்கு என் பெயரனுடன் சென்றிருந்தேன். அருகர் திருவுருவங்களை அடையாளங்கண்டு, "இவர் ஆதிநாதர், இவர் மகாவீரர்" எனப் பெயர் சொல்லிக்கொண்டே விரைந்தேன். திரும்பிப் பார்த்தால் சிறுவனைக் காணவில்லை. பார்சுவநாதர் முன்னே நின்று, பாம்பின் படங்களை எண்ணிக்கொண்டிருந்தான். "தாத்தா, இவர் ஏன் நிமிர்ந்தே பார்க்கவில்லை?" என்றான்.

அப்போதுதான் நானும் நின்றேன். பாதி மூடிய இமைகள். விறைப்பின்றித் தொங்கும் கைகள். சினமும் இல்லை, மகிழ்வும் இல்லை. கதையைச் சொல்லத் தொடங்கினேன். முற்பிறப்பொன்றில் கமடன் தமையன், மருபூதி தம்பி. தமையன் கொண்ட பகை பல பிறவிகள் தொடர்ந்தது. மருபூதியின் உயிர் பார்சுவராகித் தவத்தில் நின்றபோது, கமடனின் உயிர் கடும் மழையும் கல்லும் பொழிந்தது. தரணேந்திரன் படம் விரித்துக் காத்தான். துன்புறுத்தியவனையும் காத்தவனையும் பெருமான் ஒப்பவே நோக்கினார்.

சொல்லிவரும்போதே என் நா தழுதழுத்தது. பாகப்பிரிவினை வழக்கால் என் தமையனாருடன் ஆண்டுக்கணக்கில் பேசாதிருந்தவன் நான். நாள்தோறும் வழிபட்டும் அக்கதை என்னைத் தொடவில்லை. நின்று நோக்கிய சிறுபொழுதில் தொட்டது. அன்றிரவே அவருக்கு மடல் எழுதினேன். விடை வரவில்லை. ஆயினும் என் நெஞ்சின் பகை அன்றே இளகத் தொடங்கிற்று.

அன்பர்களே! சாமாயிகத்திற்கு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், வகுத்தனர் முன்னோர். அருங்காட்சியகத்தில் விளக்கில்லை, பூசையில்லை. எனினும் அவ்வமைதி அங்கும் உண்டு. நூறு உருவங்களைக் கடந்து செல்லாதீர். ஒன்றின் முன் அரை நாழிகையேனும் நில்லுங்கள். முதலில் கல்லைக் காண்பீர். பிறகு அமைதியைக் காண்பீர். முடிவில் உம்மிடம் அவ்வமைதி இல்லாமையைக் காண்பீர். அங்கிருந்தே அறம் தொடங்கும்.

அறம் பெருகுக!