நோயாளியின் பங்கு

பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளம் பக்கம், ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால் மீன் விற்கும் கூடைக்காரம்மா படியேற மாட்டார். உள்ளே அம்மை. அடுப்பில் தாளிப்புக் கிடையாது, மீன் குழம்பு கிடையாது. ஊசி மாத்திரைகூட ஆகாது என்பார்கள் பாட்டிகள். வந்திருக்கும் அம்மன் விருந்தாளி, அவளாக இறங்கட்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அந்த வீட்டில் மறுபடி கவிச்சி வாடை வரும்.

குணமாக்கியது யார்? அம்மன் என்பார் வீட்டுக்காரர். சின்னம்மை பெரும்பாலும் தானே ஆறும் என்பார் டாக்டர். இரண்டு பதிலிலும் மருந்துக்கு வேலை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடம்பே கிருமியை அடையாளம் கண்டு விரட்டுகிறது. அந்த வேலையை முன்கூட்டியே பழக்கிவிடுவதுதான் தடுப்பூசி. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. ஆடியில் கூழ் வார்ப்பது நிற்கவில்லை, நிற்கவும் வேண்டாம்.

பூஞ்சையிடம் இந்தக் கணக்கு செல்லாது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையின் உச்சத்தில், கருப்புப் பூஞ்சையைக் கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. சிக்கியவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுத்தவர்கள். ஆம்போடெரிசின்-பி குப்பிக்காகச் சொந்தக்காரர்கள் கடை கடையாக அலைந்தார்கள். மருந்து கிடைத்தும் கண்ணை, மேல்தாடையை இழந்தவர்கள் உண்டு.

பாக்டீரியா நமக்கு அந்நியன். அதை மட்டும் பார்த்து அடிக்கலாம். பூஞ்சை பங்காளி. நம் செல்லைப் போலவே அதற்கும் உட்கரு உண்டு. அதன் செல் சவ்வில் எர்கோஸ்டீரால், நம்முடையதில் கொலஸ்ட்ரால். இரண்டும் ஒரே சாயல். ஆம்போடெரிசின் அதைப் பிடிக்கப் போய் இதையும் கொஞ்சம் பிடித்துவிடுகிறது, சிறுநீரகம் அடிபடுகிறது. கொழுப்புறையில் பொதிந்து கொடுத்தால் சேதம் குறையும், விலை ஏறும். பங்காளி வீட்டுக்கு வைத்த தீ நம் கூரையிலும் பொறியாக விழுகிறது.

மருந்து மட்டுமே மருத்துவம் அல்ல. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தை முடிக்கும் இடத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு பங்காக்குகிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர். முதலில் நிற்பவர் நோயாளி! இன்றைய வார்டில் அவர் வெறும் படுக்கை எண்.

அவருடைய பங்கை மருந்தோடு சேர்த்துப் பார்க்கும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றான மைக்கோகிராப் தடுப்பூசி அல்ல. தடுப்பூசி உடம்புக்குள் உண்டாக்க வேண்டிய எதிர்ப்பொருளை வெளியே தயாரித்து ஏற்றுவது. உடலுக்குள் காண்டிடா பூஞ்சை பரவியவர்களுக்குக் கொழுப்புறை ஆம்போடெரிசினோடு அதையும் கொடுத்த சோதனை 2006-இல் வெளியானது. மருந்து மட்டும் பெற்றவர்களில் பத்தாம் நாள் தேறியவர்கள் 48 சதவீதம். இரண்டும் பெற்றவர்களில் 84. ஆனாலும் தயாரிப்பின் தரம் குறித்த கேள்விகளால் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு உரிமம் தரவில்லை.

பூஞ்சைக்கான தடுப்பூசியிலோ அதைவிடப் பெரிய முடிச்சு ஒன்று உண்டு. உடம்பின் காவல் தளர்ந்தவரைத்தான் இத்தகைய பூஞ்சை பெரும்பாலும் பிடிக்கிறது. தடுப்பூசி அந்தத் தளர்ந்த காவலிடமே பாடம் படிக்கச் சொல்கிறது. வலுவில்லாதவரிடம் வலுவைக் கேட்பது நியாயமா? பக்தியும் இந்தக் கேள்வியில் எப்போதும் தடுமாறியிருக்கிறது: மனத்தெம்பு இருப்பவருக்குத்தான் நேர்த்திக்கடன் பலிக்குமா?

பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது, பாடு. எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று வகுத்துக்கொண்ட முறைக்கு அதுதான் பெயர். உழைப்புக்கும் துன்பத்துக்கும்கூட அதே சொல். மருத்துவத்திலும் அப்படி முறை வைக்கலாம். முதல் பாடு மருந்துக்கு, பூஞ்சையின் எண்ணிக்கையைக் குறைக்க. அடுத்த பாடு, மூச்சு வாங்கி எழுந்த உடம்புக்கு. சிறுநீரக மாற்றுக்குக் காத்திருப்பவர் போன்றோருக்கு, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து தொடங்கும் முன்பே தடுப்பூசி போட்டுவிடலாம் என்ற யோசனையும் உண்டு.

மனிதருக்கான பூஞ்சைத் தடுப்பூசி எதற்கும் இன்னும் எந்த நாட்டிலும் உரிமம் கிடைக்கவில்லை. அதுவரை நோயாளியின் பங்கு, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது. சர்க்கரை உள்ளவருக்கு மூக்கோரம் கறுத்தாலோ கண்ணைச் சுற்றி வீங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். அம்மனுக்குக் கூழை வந்து வார்க்கலாம்.