விருப்பு வாக்கும் ஊர் விருப்பும்

பாராளுமன்றத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் மட்டக்களப்பு வாவிக்கரையின் முஸ்லிம் ஊர்களில் ஒரு கட்டளை வீடு வீடாக வந்து சேரும். கட்சிக்கு ஒரு புள்ளடி, நம் ஊர் வேட்பாளரின் இலக்கத்துக்கு ஒரு புள்ளடி, அவ்வளவுதான். சட்டம் மூன்று விருப்பு வாக்குகள்வரை இடம் தருகிறது. மற்ற இரண்டையும் வெறுமையாக விட்டுவிட வேண்டும் என்பது ஊர் முடிவு. 2024 நவம்பர் தேர்தலுக்கு முன்னர் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, மூணையும் போட்டு நம்மட ஆளை நாமளே விழுத்திப்போடக் கூடாது.”

அவர் கணக்கில் பிழையில்லை. அதே பட்டியலில் நிற்கும் அடுத்த ஊர்க்காரருக்கு நான் இடும் புள்ளடி, நம்மவரை முந்த அவருக்கு உதவக்கூடும். என் கேள்வி வேறு. தகுதியானவர் என்று நான் அறிந்த ஒருவர் அடுத்த ஊரில் பிறந்தார் என்பதற்காக மட்டும் அவருக்குரிய வாக்கை மறைப்பது நீதியா?

ஊரின் சொல்லை நான் இலேசாக எண்ணவில்லை. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்களும், சில நாட்களில் ஏறாவூர் மக்களும் கொல்லப்பட்ட பின்னர், ‘பேசுவதற்கு நமக்கென்று ஓர் ஆள்’ என்ற எண்ணம் உயிர்ப் பயத்தில் பிறந்தது. ஐந்து ஆசனங்கள் கொண்ட மாவட்டத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கான சமூகம் சிதறி வாக்களித்தால் ஓர் ஆசனமும் மிஞ்சாமல் போகலாம். ஆகவே ஒரு பட்டியலின் கீழ்த் திரள்வதைக் குறுகிய மனம் என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த நியாயம் கட்சிக்கு இடும் புள்ளடியோடு முடிந்துவிடுகிறது. ஆசனங்கள் பங்கிடப்படுவது கட்சிகள் பெற்ற வாக்குகளைக் கொண்டுதான். கிடைத்த ஆசனத்தில் யார் அமர்வது என்பதை மட்டுமே விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. 2020இல் முஸ்லிம் காங்கிரஸின் ஓர் ஆசனம் ஏறாவூரின் நஸீர் அஹமடுக்குச் சென்றது. 2024இல் அதே கட்சியின் ஓர் ஆசனம் காத்தான்குடியின் ஹிஸ்புல்லாஹ்வுக்குக் கிடைத்தது. கட்சிக்குக் கிடைத்தது இரு முறையும் ஒன்றுதான், மாறியது ஊர். அப்படியானால் ஒற்றை விருப்பு வாக்கு காப்பது ஊரின் பங்கை மட்டுமே. சமூகத்தின் அச்சத்தைக் காட்டி ஊரின் பெருமைக்கு வாக்குக் கேட்கிறோம்.

ஊருக்கொரு எம்.பி. இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்கும் பாதைக்கும் யார் பேசுவது என்பார்கள். 1977இல் தொகுதிக்கென்று உறுப்பினர் இருந்தார். மட்டக்களப்போ தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து இருவரை அனுப்பிய இரட்டை அங்கத்தவர் தொகுதி. 1989 முதல் மாவட்டம் முழுவதற்கும் சேர்த்தே உறுப்பினர்கள் தெரிவாகிறார்கள். காத்தான்குடிக்கென்றோ ஓட்டமாவடிக்கென்றோ ஓர் உறுப்பினர் சட்டத்தில் இல்லை. ‘ஊர் எம்.பி.’ என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவர் ஊரோடு நின்றுவிட்டால் எந்த வாயால் குறை சொல்வது?

வாக்கு ஓர் அமானிதம் என்று மேடைதோறும் சொல்கிறோம். அதைச் சாட்சியத்துக்கு ஒப்பிடும் ஆலிம்களும் உண்டு. உறவினருக்கு எதிராகவேனும் உண்மையைச் சொல்ல வேண்டும், அறிந்த சாட்சியத்தை மறைக்கக் கூடாது என்பதுதானே நம் மார்க்கம்? தகுதியானவர் வேறு எவருமில்லை என்று நான் கண்டால் ஒரு புள்ளடியோடு நிறுத்துவேன். அது என் தீர்ப்பு. ஊர் சொன்னதற்காக மட்டும் நிறுத்தினால் அது சாட்சியத்தை மறைத்ததாகும்.

வாக்களிப்பு நிலையத்தின் மறைப்புக்குள் நாம் தனியாகத்தான் போகிறோம். நாளை மறுமையில் இதைப் பற்றிக் கேட்கப்படும்போதும் ஊர் நம்மோடு கூட வராது.