முதுமையின் மறதியும் சமுதாயத்தின் கடனும்

வயது முதிர்ந்த ஒருவர் சொன்னதையே திரும்பச் சொன்னால், வைத்த பொருளை மறந்தால், 'அறளை பெயர்ந்துவிட்டது' என்று கூறிவிட்டு அப்பாற் செல்வது நம்மிடையே வழக்கம். மூப்பு வந்தால் மறதியும் வரும், அது இயற்கையின் நியதி, அதற்கு எவரும் பொறுப்பல்லர் என்ற எண்ணமே இச்சொற்களின் பின்னால் நிற்கிறது. இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் உண்மை? இயற்கையின் பெயரால் நாம் மூடிமறைக்கும் அநீதி எதுவும் இதில் இல்லையா?

உடல் மெலிந்து நடை தளர்ந்து, கூடவே நினைவாற்றலும் குன்றி, ஆனால் முற்றிய மறதி நோயாக மாறாதிருக்கும் நிலையை 2013ஆம் ஆண்டில் சர்வதேச மருத்துவ அறிஞர் குழுவொன்று தனியாக வரையறுத்தது. இவ்விரு தளர்ச்சிகளும் ஒன்றையொன்று வளர்ப்பன. நடை குன்றியவர் வீட்டில் முடங்குகிறார். முடங்கியவருக்குப் பேச்சுத்துணை அற்றுப்போகிறது. பேச்சற்ற மனம் மங்குகிறது. எனினும் இப்போக்கைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரையான 1,260 பேரிடையே நடைபெற்று, 2015இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. உணவுச் சீர்திருத்தம், உடற்பயிற்சி, மனப்பயிற்சி, இரத்த அழுத்தம் முதலியவற்றின் கண்காணிப்பு ஆகியவற்றை ஈராண்டுகள் ஒருங்கே பெற்றவர்கள், பொதுவான அறிவுரையை மட்டும் பெற்றவர்களைவிட அறிவாற்றற் சோதனைகளில் மேம்பட்டு நின்றனர்.

2024இல் லான்செற் மருத்துவ சஞ்சிகையின் ஆணைக்குழு, முற்றிய மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் எனக் கூறி, அதற்கேதுவான 14 காரணிகளைச் சுட்டியது. இளமையிற் போதிய கல்வியின்மை, செவிப்புலன் குறைவு, கவனிக்கப்படாத பார்வைக் குறைபாடு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, தனிமை, மாசடைந்த காற்று என்பன அவற்றுட் சில. இது நோயின் பட்டியலா, வறுமையின் பட்டியலா என்ற ஐயம் வாசிப்போர்க்கு எழுவது இயல்பே.

கல்வியையே எடுத்துக்கொள்வோம். இளமையிற் பெறும் கல்வி மூளைக்கு ஒருவகைச் சேமிப்பாக அமைந்து, முதுமையின் சேதத்தைத் தாங்க உதவுகிறது என்பது ஆய்வாளர் கருத்து. இன்று 75 வயதை எட்டிய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு அச்சேமிப்பு எங்கிருந்து வரும்? அவள் பிறக்குமுன்னரே, 1945இல், இலங்கையில் இலவசக் கல்வி வந்துவிட்டது. ஆனால் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவளுடைய மக்களிற் பெருந்தொகையினரை நாடற்றோராக்கியது. தோட்டப் பாடசாலைகளோ, 1970களில் அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கும்வரை, பெரும்பாலும் நிர்வாகங்களின் தயவிலேயே கிடந்தன. அவள் பறித்த கொழுந்து நாட்டுக்கு அந்நியச் செலாவணியைத் தேடித்தந்தது; அவளுக்கோ எழுத்தறிவுகூட வாய்க்கவில்லை. அவளது இன்றைய மறதியில் அன்று அவளுக்கு மறுக்கப்பட்டவற்றின் பங்கும் உண்டு. ஆதலின் அவளுக்கு நாம் செய்வது தருமமாகாது, கடன் தீர்ப்பதேயாகும்.

இதை உணராதவர்களே, நடையுங்கள், சத்துணவு உண்ணுங்கள் என்று உபதேசித்துவிட்டு அமைதியடைகின்றனர். ஆயுள் முழுவதும் கூடை சுமந்து மலையேறி இறங்கியவளிடம் நடையின் மகிமையைப் போதிப்பது கேலிக்கூத்து. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி முட்டையையும் பருப்பையும் அரும்பொருளாக்கிய வீட்டில் சத்துணவைப் பற்றிப் பேசுவதும் அவ்வாறே. வசதியை வழங்காது பொறுப்பை மட்டும் வழங்குவது நேர்மையன்று.

வேறு சிலர், இத்தகைய திட்டங்களால் வைத்தியச் செலவு மிச்சமாகும் என வாதிடுகின்றனர். ஆட்சியாளரை இணங்கவைக்க இவ்வாதம் உதவலாம். ஆயினும் அதனையே அடிப்படையாகக் கொள்வது ஆபத்தானது. மிச்சமில்லை என நாளை ஒரு கணக்கு வெளிவந்தால், அம்முதியவளைக் கைவிட அதுவே நியாயமாகிவிடும். உழைத்த காலத்தில் கொழுந்தின் நிறையால் மதிப்பிடப்பட்டவளை, ஓய்ந்த காலத்தில் செலவுக் கணக்கால் மதிப்பிட நமக்கு என்ன உரிமை உண்டு?

செலவு குறைந்த திட்டம் தரங்குறைந்ததாக இருக்கவேண்டியதில்லை. வசதி குறைந்த கியூபாவில், குடும்ப வைத்தியர் அமைப்போடு இணைந்து இயங்கும் முதியோர் வட்டங்கள் பொதுவிடங்களிற் கூடிப் பயிற்சி செய்கின்றன. நமக்கும் ஒரு மண்டபம், சில கதிரைகள், இரத்த அழுத்தமானி, பயிற்சி பெற்ற ஓர் ஊழியர், ஒரு நேர நல்லுணவு ஆகியன போதும், தொடங்குவதற்கு. கதிரையிலிருந்து பலமுறை எழுந்தமர்வதே கால்களுக்கு வலுவூட்டும். கண்ணாடியும் செவிக்கருவியும் இலவசமாகக் கிடைக்கவேண்டும். பின்லாந்தில் மனப்பயிற்சிக்குக் கணினி பயன்பட்டது. எழுத்தறியாத நம் முதியவளுக்குத் தாயமும் விடுகதையும் பொருந்தும். காமன் கூத்துப் பாடல்களை அவள் நினைவுகூர்ந்து இளையோர்க்குச் சொல்லட்டும். அங்கு அவளே ஆசிரியை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாப்பதற்கென இயற்றப்பட்டது. அவ்வுரிமை ஏட்டில் உறங்காதிருக்கப் பணமும் ஊழியரும் ஒதுக்குமாறு அரசாங்கத்தையும் தோட்டக் கம்பனிகளையும் வற்புறுத்துவது நம் பணி. அதேவேளை ஆசிரியரும் மாணவரும் தம் ஊர் வாசிகசாலையை, சனசமூக நிலையத்தை, வாரத்தில் இரு மாலைகள் முதியோர்க்குத் திறந்துவிடலாம். பத்திரிகையை உரக்க வாசித்துக் காட்டலாம். அவர்கள் சொல்வதைக் கேட்கலாம். அரசு இறுக்கவேண்டிய கடன் இதனால் தீர்ந்துவிடாது. ஆனால் அக்கடனைக் கேட்டுப்பெறும் குரல்களுள் அம்முதியோரின் குரலும் ஒலிக்க இது வழிசெய்யும்.