சுமை அறிந்த நடு

துக்கம் என்ற சொல்லுக்கு ஒரு வண்டிக்காரப் பொருள் உண்டு. வடமொழியில் ‘க’ என்றால் துளை. சக்கரத்தின் குடத்தில் அச்சு நுழையும் துளைக்கும் அதே பெயர். துளை செம்மையாக அமைந்தால் சுகம், கோணிப் போனால் துக்கம் என்பது சொல்லாய்வாளர் பலர் தரும் விளக்கம். கெட்ட நிலை என்ற பொருளுடைய வேறொரு சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. முதல் விளக்கம் சரியோ தவறோ, பௌத்தம் சொல்லவரும் துக்கத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஒருமுறை விழும் அடியைக் குறிப்பதைவிட, ஒவ்வொரு சுற்றிலும் உராயும் பொருத்தமின்மையையே அந்தச் சொல் அதிகம் குறிக்கிறது. பள்ளம் பாதையின் குணம். குலுக்கலோ பாதையும் வண்டியும் சேர்ந்து உண்டாக்குவது.

மாவனல்லை, கொழும்பு–கண்டி வீதியில், கடுகண்ணாவ ஏற்றத்துக்கு முன் மா ஓயாவின் கரையில் இருக்கும் ஊர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில் வெட்டப்பட்டது அந்த வீதி. அதற்கு முன் மலைநாட்டுக்குச் சரக்கு பொதிமாட்டின் முதுகில் ஏறியது. 1832இல் தபால் குதிரை வண்டி ஓடத் தொடங்கியது. இன்று பிரதான வீதியில் போகிறவருக்கு ஸ்பிரிங் பற்றிய நினைவே வராது. அரநாயக்க, ஹெம்மாத்தகம பக்கம் திரும்பி இறப்பர், தேயிலைத் தோட்டங்களுக்குள் ஏறும்போதுதான் அது நினைவுக்கு வரும். கல் பதித்த பாதையில் மழை மண்ணைக் கொண்டுபோய்விட, கல் மட்டும் பல் மாதிரி நிற்கும். நடுவே தண்ணீர் அறுத்த வாய்க்கால். இந்தப் பாதையில் ஓடும் ஜீப்புக்கு ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் தேர்வது கராஜ் வேலை. ஆனால் அந்த வேலைக்குள் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. சமநிலை என்பது அசையாமல் இருப்பதா, அசைந்து அடங்குவதா?

ஸ்பிரிங்கின் இயல்பை ஒரே எண்ணால் சொல்லலாம்: ஒரு மில்லிமீற்றர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பது. ஒரு மூலையில் 400 கிலோ உட்காரும் ஜீப்புக்கு மில்லிமீற்றருக்கு 3 கிலோ கேட்கும் ஸ்பிரிங் போட்டால், அது சுமார் 133 மில்லிமீற்றர் அமுங்கி நிற்கும்; தட்டிவிட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 82 முறை ஆடும். 6 கிலோ ஸ்பிரிங் போட்டால் 67 மில்லிமீற்றர்தான் அமுங்கும். ஆட்டம் 116 ஆகும். ஆட்டம் 60க்கும் 90க்கும் இடையில் இருந்தால் உடம்புக்கு இதம் என்பது கார் செய்வோரின் பழைய கணக்கு. கம்பி பத்து வீதம் தடித்தால் ஸ்பிரிங் 46 வீதம் கடினமாகும், ஏனெனில் விட்டம் நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது. வண்டியைத் தாழ்த்த நினைத்துச் சுருளை வெட்டுகிறவர், அறியாமலே அதைக் கடினமாக்கியும் விடுகிறார்.

கொயிலோவர் என்பது ஷொக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமர்ந்த அமைப்பு. மேலே திருகு வளையம் ஒன்று இருக்கும். அதை இறுக்கினால் வண்டி உயரும். உடனே ‘ஸ்பிரிங் கடினமாகிவிட்டது’ என்று எண்ணுவது கராஜ்களில் அடிக்கடி காணும் மயக்கம். ஒரே சீரான ஸ்பிரிங்கில் 3 கிலோ 3 கிலோவாகவே இருக்கும். மாறுவது நிற்கும் இடம் மட்டும். அதுவும், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க வைத்திருந்த நீளத்தைத் தின்றுவிட்டுத்தான். விரதம், காவி, மௌனம் முதலிய புறக்கோலங்களைப் பற்றிச் சமய நூல்கள் எழுப்பும் ஐயமும் இதே வகையானது. நிற்கும் உயரம் கூடியிருக்கிறது. அடிபட்டால் எப்படி நடந்துகொள்ளும் என்பது மாறியிருக்கிறதா?

ஸ்பிரிங் வாங்கிய அடியைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும். தனியே விட்டால் வண்டி ஆடிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது ஷொக். உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே நெருக்குகிறது. அசைவு சூடாக மாறிப் போய்விடுகிறது. மேட்டுப்பாதையில் ஒரு மணி நேரம் ஓடி வந்த ஜீப்பின் ஷொக்கைத் தொட்டால் கை சுடும். எண்ணெய் நுரைக்காமல் இருக்க நைதரசன் அழுத்தம் வைப்பதும் உண்டு. ஒரு ஆட்டம்கூட மிஞ்சாமல் நிறுத்தத் தேவையான அடக்கத்தை முழு அளவு என்று கொண்டால், வழக்கமான வண்டிகள் அதில் 20 முதல் 40 வீதம் வரையே வைத்துக்கொள்கின்றன. முழுதாக அடக்காமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது.

திரும்பும் அசைவை மிகவும் இறுக்கிய ஷொக்கோடு கல் பாதையில் போனால், முதல் கல்லில் சக்கரம் ஏறும். இறங்கி முடிவதற்குள் இரண்டாவது கல் வந்துவிடும். இறங்காத மிச்சத்தோடு மறுபடி ஏறும். இப்படிப் பத்துக் கல் தாண்டுவதற்குள் வண்டி தாழ்ந்து தாழ்ந்து, கடைசியில் இறப்பர்க் கட்டையில் ‘டங்’ என்று மோதும். வெளியே பார்ப்பவருக்கு வண்டி துள்ளவில்லை, அடங்கியிருக்கிறது என்றே தோன்றும். உள்ளே இடமே மிஞ்சியிருக்காது. ஆசையை அடக்குவதாக எண்ணி அதன் மீட்சியை மட்டும் பூட்டிவைக்கும் துறவுக்கு இதைவிடச் சரியான படம் கிடைப்பது அரிது.

பௌத்த நூலான அங்குத்தர நிகாயத்தின் சோண சூத்திரம் இந்த இடத்தையே தொடுகிறது. செல்வக் குடியில் பிறந்து பிக்குவான சோணர், நடைத் தியானத்தில் பாதம் வெடித்து இரத்தம் சிந்தும்வரை நடந்தும் விடுதலை காணாமல் வீட்டுக்குத் திரும்ப நினைக்கிறார். அவர் முன்பு வீணை வாசித்தவர். நரம்பு அதிகம் முறுகினாலும் அதிகம் தளர்ந்தாலும் இசை வருமா என்று புத்தர் கேட்கிறார். இதை ‘பாதிக்குப் பாதி’ என்று சுருக்கிச் சொல்வது போதனைகளில் வழக்கமாகிவிட்டது. அந்தச் சுருக்கம் உவமையைக் கெடுக்கிறது. வீணையில் தடித்த நரம்பும் மெல்லிய நரம்பும் உண்டு. ஒன்றுக்குச் சரியான முறுக்கு மற்றொன்றை அறுத்துவிடும். சுருதியே அளவு, முறுக்கு அதற்கு ஏவல்.

ஷொக்கும் அப்படியே. ஸ்பிரிங்கை இருமடங்கு கடினமாக்கியவர் பழைய ஷொக்கையே விட்டால் அடக்கம் போதாது. அதே விகிதம் வேண்டுமானால் ஷொக் 1.4 மடங்கு வேலை செய்ய வேண்டும்.

சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்று ஒரு நிலையைச் சொல்கிறது. நல்வினையும் தீவினையும் எடையில் சமமாகித் தராசு நேராக நிற்பது என்று அதைப் படிக்கலாம். புண்ணிய பாவப் பயன் இரண்டையும் விருப்பும் வெறுப்பும் இன்றி ஒன்றாக ஏற்கும் அறிவு என்றும் படிக்கலாம். இரண்டாவது வாசிப்பே வலிமையானது. ஜீப் அதற்குச் சாட்சி சொல்லும். மேடும் பள்ளமும் சமமான எண்ணிக்கையில் உள்ள பாதை எங்கும் இல்லை. மேட்டுக்குச் சுருங்கவும் பள்ளத்துக்கு நீளவும் இடம் வைத்திருப்பதே வண்டிக்கு இயலும் ஒப்பு. கரடுபாதை வண்டி அமைப்போர், நிற்கும் நிலையிலிருந்து கீழிறங்க மொத்த ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது ஒதுக்குவது வழக்கம். மேட்டை மட்டும் எண்ணி அமைத்தால் பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுத் தொங்கும். தொங்கும் சக்கரத்துக்குப் பிடி இல்லை. வண்டியின் பெட்டி அசையாதிருக்க வேண்டுமென்றால் சக்கரம் தாராளமாக அசைய வேண்டும்.

மிகக் கடினமான சிக்கல் சுமை. காலையில் சாரதி ஒருவரோடு ஏறும் ஜீப், மாலையில் இறப்பர் ஷீற்றும் ஆட்களும் நிறைந்து இறங்கும். மூலைக்கு 100 கிலோ கூடினால் மேலே சொன்ன 3 கிலோ ஸ்பிரிங் இன்னும் 33 மில்லிமீற்றர் தாழும். பழைய பட்டை ஸ்பிரிங் வண்டிகளில் இதற்கு ஒரு பட்டை கூட்டுவார்கள். சுமை தாங்கும், வெறும் வண்டி முதுகை உடைக்கும். ரேஞ்ச் ரோவர் 1970இல் நான்கு மூலையிலும் சுருள் ஸ்பிரிங்கோடு வந்தபோதும் சிக்கல் தீரவில்லை, மென்மையானது. கொயிலோவரில் இரண்டு ஸ்பிரிங்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது மற்றொரு வழி. 2 கிலோவும் 3 கிலோவும் அடுக்கினால் 5 வராது, 1.2 தான் வரும். குறிப்பிட்ட ஆழத்தில் ஒரு வளையம் மேல் ஸ்பிரிங்கை நிறுத்திவிட, அதன்பின் 3 கிலோ மட்டும் தாங்கும். சிறு கல்லுக்கு இளக்கம், பெரும் பள்ளத்துக்கு உறுதி.

நடு என்பது ஆளைப் பொறுத்தது என்று அரிஸ்டாட்டில் வாதிட்டதும் இதைப் போன்றதுதான். பத்து அளவு உணவு அதிகம், இரண்டு குறைவு என்றால் பயிற்சியாளர் எல்லாருக்கும் ஆறு போடமாட்டார். மல்லன் மிலோவுக்கு அது போதாது. குர்ஆனின் அல்பகரா அத்தியாயம், 143ஆம் வசனம், விசுவாசிகளை நடுச் சமுதாயம் என்கிறது. அங்குள்ள ‘வசத்’ என்ற சொல்லுக்கு உரையாளர்கள் நீதியானது, சிறந்தது என்றும் பொருள் தருகிறார்கள். மயிலிறகே ஏற்றினாலும் மிகுந்தால் அச்சு முறியும் என்ற வள்ளுவரின் உவமை வலியறிதல் அதிகாரத்தில் இருப்பதும் கவனிக்கத் தக்கது.

கணக்கு முடிந்த பிறகும் சோதனை ஒன்று மிஞ்சும். ஷொக்கின் மின்னும் தண்டில் மெல்லிய இறப்பர் வளையம் ஒன்றை மாட்டி, உடலை ஒட்டித் தள்ளிவிட்டு, வழக்கமான சுமையோடு வழக்கமான பாதையில் ஓட்டுவார்கள். தண்டு உள்ளே போன அளவுக்கு வளையம் தள்ளப்பட்டு நிற்கும். பாதித் தண்டிலேயே நின்றிருந்தால் ஸ்பிரிங் கடினம். ஒவ்வொரு ஓட்டத்திலும் கோடியைத் தொட்டால் மென்மை. மிக மோசமான ஒரு பள்ளத்தில் மட்டும் கோடியை எட்டியிருந்தால், அந்தச் சுமைக்கும் அந்தப் பாதைக்கும் அது பொருந்தியிருக்கிறது.