ஆயுதம் கீழே வைத்த பின்

போர்க்களத்தில் ஆணையை ஏற்று ஓர் உயிரைக் கொன்றவன், வீடு திரும்பிய பின் உறக்கமின்றித் தவிக்கிறான். அத்தவிப்பு நோயா? அன்றி, அவன் நெஞ்சில் அறம் இன்னும் உயிரோடிருக்கிறது என்பதன் அடையாளமா? நோயெனின் மருந்தால் போக்குதலே முறை. அறத்தின் குரலெனின் அதனை அடக்குதல் தகுமா? கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்ட நாம் இவ்வினாவை எளிதில் கடந்து செல்லுதல் இயலாது.

துன்பம் பழமையானது; மருத்துவம் அதற்குப் பெயரிட்டது அண்மையில்தான். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், குண்டு வெடிப்பால் நேரும் அதிர்ச்சி என்னும் பொருள்படும் சொல்லால் இதனை மருத்துவ ஏட்டில் குறித்தார். அதே உலகப் போரில் களத்தை விட்டோடியமை, கோழைமை முதலிய குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படை தன் வீரர் பலரைச் சுட்டுக் கொன்றது. அவர்களுள் 306 பேருக்கு 2006ஆம் ஆண்டில்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. இறந்து தொண்ணூறு ஆண்டுகள் சென்றபின் வந்த மன்னிப்பு!

அமெரிக்கா வியட்நாமில் நடத்திய போரே இத்துன்பத்தை உலகறியச் செய்தது. 1970இல் நியூயார்க் நகரில், அப்போரிலிருந்து மீண்ட இளைஞர் சிலர் ஒன்றுகூடி, தாம் கண்டதையும் செய்ததையும் மறைக்காமல் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கினர். ராபர்ட் லிஃப்டன், ஹைம் ஷாட்டன் என்னும் மனநல மருத்துவர் இருவர் உடனமர்ந்து கேட்டனர். இத்தகையோர் முயற்சியின் பயனாக, 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இம்மனநோயைத் தன் நோய்ப்பட்டியலில் சேர்த்தது. கடந்த நிகழ்ச்சி கண்முன் மீண்டும் நிகழ்தல், அதை நினைவூட்டும் யாவற்றையும் விட்டு விலகுதல், சிற்றொலிக்கும் திடுக்கிடுதல் ஆகியன இதன் குறிகள். வியட்நாமில் பணியாற்றிய ஆடவருள் நூற்றுக்குப் பதினைவர் அந்நாளிலும் இந்நோயால் துன்புற்றனர் என 1988இல் முடிந்த ஆய்வு கண்டது. போர் முடிந்து அப்போது பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

எனினும் இப்பெயருக்குள் இருவேறு துன்பங்கள் அடங்கிவிட்டன. தான் இறந்துவிடுவேன் என்று அஞ்சியவனின் துன்பம் ஒன்று. தான் கொன்றதை எண்ணிக் குமைபவனின் துன்பம் மற்றொன்று. பாஸ்டன் நகரில் வியட்நாம் வீரர்களுக்கு மருத்துவம் செய்த ஜோனதன் ஷே, 1994இல் எழுதிய நூலில் இவ்வேறுபாட்டை ஆராய்ந்தார். 'அறக்காயம்' என்று நாம் தமிழில் கூறத்தக்க கருத்து அவராலும், பின்னர் 2009இல் பிரெட் லிட்ஸ் முதலியோராலும் விளக்கம் பெற்றது. அச்சத்தால் வந்த காயத்திற்கு, “ஆபத்து நீங்கிவிட்டது” என்று மனத்தை மெல்லப் பழக்குதல் மருந்தாகும். கொலையால் வந்த காயத்திற்கு அது போதாது. “ஆணைப்படி செய்தாய், உன்மேல் குற்றமில்லை” என்று ஆறுதல் கூறுவோர் நல்லெண்ணத்தால்தான் கூறுகின்றனர். ஆனால் அவன் செவியில் அது, தன்னுள் எஞ்சியிருக்கும் நல்லுணர்வையே பொய்யென்று சொல்வதாக விழுகிறது.

லிட்ஸ் குழுவினர் வகுத்த மருத்துவ முறை ஒன்றில், தன்னிடம் அன்பும் மதிப்பும் கொண்ட பெரியவர் ஒருவர் எதிரே இருப்பதாகக் கருதி, வீரன் தன் செயலை அவரிடம் முழுதும் சொல்கிறான். அவர் என்ன மறுமொழி கூறுவார் என்பதையும் தானே எண்ணிச் சொல்கிறான். குருவின் முன் குற்றத்தை உரைக்கும் ஆலோசனையும் அதன்பின் ஏற்கும் பிராயச்சித்தமும் அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. குற்றம் இல்லையென்று இம்முறை சாதிப்பதில்லை. அதேபோல், வாழ்நாள் முழுதும் தன்னைத்தானே வதைத்துக் கொள்வதையும் அது ஏற்பதில்லை. தன்னை வதைப்பவன் பெரும்பாலும் தன் மனைவி மக்களையும் சேர்த்தே வதைக்கிறான். வருத்தமும் அளவு கடப்பின் இம்சையாகும்.

இனி, நம்மைச் சுடும் பகுதி ஒன்றுண்டு. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதை உடன்படுதல் என வினை மூவழியாலும் வரும் என்பது நம் நூல்களின் துணிபு. 1968 மார்ச் 16இல் மைலாய் என்னும் சிற்றூரில் அமெரிக்கப் படையினர் நிராயுதபாணிகளான நூற்றுக்கணக்கான மக்களைக் கொன்றனர். 1971இல் கேலி என்னும் அதிகாரி ஒருவர் மட்டுமே தண்டிக்கப்பட்டார். அத்தீர்ப்பை அமெரிக்கருள் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. மேலோரை விட்டு ஒருவரைப் பலியாக்கினர் என்று கருதியோர் அவர்களுள் இருந்தனர். அக்கருத்தில் நியாயமும் உண்டு. ஆயினும், அன்று ஹெலிகாப்டரை இறக்கிச் சிலரைக் காப்பாற்றிய ஹியூ தாம்சனுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. படைத்துறை அவருடைய அச்செயலை உள்ளவாறு போற்றிப் பதக்கம் அளித்தது 1998இல்தான். அனுப்பியவரும் ஆரவாரித்தவரும் தம் பங்கை ஏற்க மறுக்கும்போது, அம்முழுச் சுமையும் துப்பாக்கி பிடித்த இருபது வயது இளைஞன் தோளில் ஏறுகிறது. அவன் பேசும்போது முகந்திருப்பாமல் கேட்டிருத்தல் அப்பங்கை ஏற்பதன் முதற்படி என்பது என் கருத்து. அது கருணையால் தரும் கொடையன்று, கடன்.

1967-68இல் சைகோனில் படைத்துறை உளவுப் பிரிவில் பணியாற்றிய சக் சியர்சி, 1995இல் வியட்நாமுக்கே திரும்பி அங்குக் குடியேறினார். வெடிக்காமல் கிடந்த குண்டுகளால் 1975க்குப் பின் அந்நாட்டில் ஒரு லட்சம் பேர் வரை இறந்தோ ஊனமுற்றோ போயினர் என்பது அரசின் மதிப்பீடு. மிகக் கடுமையாகக் குண்டு வீசப்பட்ட குவாங் திரி மாநிலத்தில், அவற்றைத் தேடி அழிக்கும் திட்டம் ஒன்றை உள்ளூர் அரசுடன் சேர்ந்து 2001இல் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். வயல்களில் தேடுவோர் அம்மாநிலத்து ஆண்களும் பெண்களுமே. கண்டதைத் தொடாமல் தெரிவிக்கும்படி பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றனர். கைகால் இழந்தோர்க்குச் செயற்கை உறுப்புகளும் தரப்படுகின்றன. அங்கு வந்து செல்லும் முன்னாள் அமெரிக்க வீரர்கள் இப்பணிக்குப் பொருள் திரட்டித் தருகின்றனர்.