மெய்மறந்து சாப்பிடுவது

ஆக்லாந்தின் தெற்குப் பக்கம், மாங்கெரி தொகுதியின் எம்.பி.யாக இருந்த டேவிட் லாங்கி 1982-இல் வயிற்றில் ஸ்டேப்பிள் அடித்துச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அப்போது அவர் எடை 175 கிலோவை ஒட்டி இருந்தது. இரண்டே வருடத்தில் நியூசிலாந்தின் பிரதமர். அணு ஆயுதக் கப்பலுக்கு எங்கள் துறைமுகத்தில் இடமில்லை என்று அமெரிக்காவிடமே சொன்ன மனிதர். அவருடைய ஆபரேஷன் ஊரறிந்த சங்கதி. 2017-இல் துணைப் பிரதமர் பதவி போன கையோடு பவுலா பென்னட் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டார். அவரும் மறைக்கவில்லை.

இங்கே இருக்கிற நம்மவர்கள் மறைப்பார்கள். சாண்ட்ரிங்கம் ரோட்டு மளிகைக் கடையில் ஆளே பாதியாகிவிட்ட ஒருவரைப் பார்த்து "என்னங்க ரகசியம்?" என்று கேட்டால், "வாக்கிங்தான்" என்பார். குண்டாக இருந்தது ஒரு வெட்கம், கத்தி வைத்துக் குறைத்துக்கொண்டது இன்னொரு வெட்கம். உழைக்காமல் பாஸ் ஆனவரைப் பார்க்கிற மாதிரி ஊர் பார்க்கும் என்கிற பயம். நானும் செய்துகொண்டதை மறைக்காமல் சொல்லிவிட்டதால், செய்துகொள்ள யோசிப்பவர்கள் என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்பார்கள். தையல் பிரிந்துவிடுமா, உயிருக்கு ஆபத்தா என்றெல்லாம் கேட்பதில்லை. அதற்கு டாக்டர் இருக்கிறார். கடைசியில், கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே வருகிற கேள்வி ஒன்றுதான்: "அப்புறம் ருசிச்சுச் சாப்பிட முடியுமா?"

முடியும். ஆனால் அந்தப் பதிலோடு பேச்சை முடித்துக்கொள்வது நியாயமில்லை.

எனக்குச் செய்தது ஸ்லீவ் என்கிற வகை. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஒரு டம்ளர் கொள்ளளவுள்ள நீளக் குழாய். வெட்டி எறியும் மேல்பகுதியில்தான் கிரெலின் என்கிற ஹார்மோன் அதிகம் சுரக்கிறது. ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் 1999-இல் கண்டுபிடித்தது அது. பசிக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்லும் ஆள். ஆகவே இடம் மட்டும் குறைவதில்லை, கேட்கிற குரலும் அடங்கிவிடுகிறது. முதல் சில மாதம் பசி என்பதே கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும். முதலில் தண்ணீராக, பிறகு கூழாக, பிறகு குழைவாக. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போயாக வேண்டும். ஒரு முட்டையில் இருப்பதோ 6 கிராம். பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. சாப்பாட்டுக்கு நடுவில் தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான்.

பசி ருசி அறியாது என்பார்கள். உண்மைதான் போலிருக்கிறது, பசி போனதும் என் ருசிக்கு அறிவு வந்துவிட்டது. முன்பு இரண்டு தட்டு காலி செய்த அதே கடையில், தேங்காய்ச் சட்னியின் தேங்காய் ஃப்ரீசரிலிருந்து வந்தது என்று முதல் வாயிலேயே தெரிகிறது. எண்ணெய் இரண்டாம் தடவை காய்ந்தது தெரிகிறது. நன்றாக இல்லாததைச் சாப்பிட இப்போது வயிற்றில் இடமில்லை, தாட்சண்யமும் இல்லை. நன்றாக இருப்பது முன்பைவிட நன்றாக இருக்கிறது. ஸ்னாப்பர் மீனைப் புளி குறைத்துக் குழம்பு வைத்து, சோறில்லாமல் துண்டை மட்டும் எடுத்து, விரலால் உதிர்த்துச் சாப்பிட்டால், நாலாவது வாயில் வயிறு நிறைந்துவிடும். அந்த நாலு வாயிலும் மீன் இருந்தது என்று நாக்குக்குத் தெரியும்.

சோறுதான் சிக்கல். டயட்டீஷியன் கொடுத்த தாளில் காட்டேஜ் சீஸ், டின் டூனா, யோகர்ட் என்று இருக்கும். தயிரும் பாசிப்பருப்பும் பனீரும் அந்தத் தாளுக்குள் எப்படியோ நுழைந்துவிட்டன. சோறு நுழையவில்லை. குழைந்த சோறும் பஞ்சு இட்லியும் உள்ளே போய்க் களியாகத் திரண்டு நிற்கின்றன. மொறுமொறுவென்ற தோசை ஓரம் தகராறு செய்யாமல் இறங்குகிறது. இப்போது என் தட்டில் கூட்டும் பயறும் முட்டையும்தான் சாப்பாடு, சோறு ஓரத்தில் தொட்டுக்கொள்ள. நம் இலைச் சாப்பாடு சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு என்று கட்டப்பட்டது. நான் சாம்பாரோடு இறங்கிவிடுகிறேன். கல்யாணப் பந்தியில் ரசம் வரும்போது பக்கத்து இலைகளில் கிளம்பும் சூட்டையும் பெருங்காய வாசனையையும் எதைக் கொண்டும் ஈடுகட்ட முடியவில்லை. அதற்காக வருத்தப்படுவதில் தப்பில்லை என்றே நினைக்கிறேன். "உடம்பு முக்கியமா, ரசம் முக்கியமா?" என்று கேட்பவர்களுக்கு இரண்டும்தான் என்று சொல்லிவிடலாம். அளவோடு உண்பது பற்றித் திருக்குறள் மருந்து அதிகாரத்தை ஒப்பிப்பவர்கள் தனி ரகம். குண்டானவர்கள் யாரும் அதைப் படித்ததே இல்லை என்று இவர்களுக்கு எண்ணம்.

விருந்துக்குப் போகும் இடத்தில் இருவேறு உலகம். வெள்ளைக்காரர் வீட்டு பார்பெக்யூவுக்கு ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோய், தட்டில் வேண்டியதைப் போட்டுக்கொண்டு ஒதுங்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். நம் வீடுகளில் கேட்பார்கள். "என்னம்மா கொறிக்கிற, நல்லா இல்லையா?" முதலில் தொந்தரவாக இருந்தது. பிறகு யாரும் கேட்காத மேசையில் உட்கார்ந்து வந்த ஒரு சனிக்கிழமை, கேட்கிற வீடே தேவலை என்று தோன்றியது. இப்போது "ரொம்ப நல்லா இருக்கு, டப்பால போட்டுக் குடுங்க" என்கிறேன். அந்த வீட்டு அம்மாவுக்கும் திருப்தி, எனக்கு மூன்று நாள் சாப்பாடு.

ஆக நாக்கு பிழைத்தது, உறவும் பிழைத்தது. பிழைக்காதது வேறொன்று. அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, டி.வி. பார்த்துக்கொண்டே, கை தானாகப் பிசைந்து வாய்க்குப் போகும் சாப்பாடு இனி கிடையாது. பேச்சு சுவாரஸ்யத்தில் சரியாக மெல்லாத ஒரு கோழித் துண்டு உள்ளே போனால் போதும். நெஞ்சுக்குழியில் கல் உட்கார்ந்த மாதிரி அடைக்கும். வாயில் எச்சில் நுரைநுரையாக ஊறும். எழுந்து பாத்ரூம் போய், அது இறங்குகிற வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒவ்வொரு வாய்க்கும் காவல் இருந்தாக வேண்டும். ருசிப்பது என்றால் கவனிப்பது, அது கூடியிருக்கிறது. மெய்மறப்பது என்றால் கவனத்தைக் கழற்றி வைப்பது; அதைத்தான் இரைப்பையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து 'சாப்பாட்டுச் சுகம்' என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சிலருக்கு இது சின்ன இழப்பு. எனக்குச் சின்னதாக இருக்கவில்லை. வந்த புதிதில், ஆக்லாந்துக் குளிர்காலத்தில், ஐந்தரைக்கெல்லாம் இருட்டி, மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு சட்டி புளியோதரையும் அப்பளமும் எனக்கு அம்மா வீடு. அதைச் சாப்பிட்ட கால் மணி நேரம் நான் எங்கேயும் இல்லை. அந்த வாசல் அடைபட்டதும் ஆட்கள் வேறு வாசல் தேடுகிறார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினருக்கு இரண்டாம் வருடத்தில் குடிச் சிக்கல் கூடுவதை 2012-இல் வந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஆபரேஷனுக்குப் பின் மது சீக்கிரம் ரத்தத்தில் ஏறும் என்பது உடம்பு தரப்புக் காரணம். மனசுத் தரப்புக் காரணமும் இருக்கும் என்று அடித்துச் சொல்வேன். 2025-இல் எடை குறைக்கும் வீகோவி ஊசி இந்த நாட்டுக்கு வந்த பிறகு, கத்தியே படாதவர்களும் இந்தப் பேச்சுக்குள் வந்துவிட்டார்கள். தலைக்குள் ஓயாமல் ஓடிய சாப்பாட்டு நினைப்பு நின்றுவிட்டது என்கிறார்கள். நிம்மதி என்கிறார்கள். கொஞ்சம் வெறிச்சென்று இருக்கிறது என்றும், குரலைத் தாழ்த்தி, சிலர்.

ஆபரேஷன் செய்துகொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, மவுண்ட் ஈடன் உச்சி வரை மூச்சு வாங்காமல் ஏறுகிறேன்.

போன மாதம் ஒரு பெண் வந்தாள். முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிப்ட் வேலை, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருக்கிறாள். "பிரியாணி சாப்பிடலாமா அக்கா?" என்றாள். "கறி மூணு துண்டு, அரிசி ரெண்டு ஸ்பூன், தயிர்ப் பச்சடி" என்றேன். முகம் மலர்ந்தது. "எப்ப சாப்பிடுவே பிரியாணி?" என்று கேட்டேன். "ஷிப்ட் முடிஞ்சு காலைல வந்துதான் அக்கா. அப்பதான் நான் உக்கார்றதே." அதற்குப் பிறகு பிரியாணியை விட்டுவிட்டு அந்தக் காலை நேரத்தைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினோம். ஆபரேஷனுக்கு முன்னால் மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொல்வார்கள். பரீட்சைக்குப் போகிற மாதிரி எல்லாவற்றுக்கும் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லிவிட்டு வராதே, இதை அங்கே சொல் என்றேன். அவளுக்கு அப்பாயின்ட்மென்ட் வரும் வியாழக்கிழமை.