காத்திருத்தல் அறமாகுமா?

“பொறுத்தார் பூமியாள்வார்” என்பது நம் முன்னோர் வாக்கு. பொறுமையைப் போற்றாத சமுதாயம் இல்லை எனலாம். ஆயின், காத்திருத்தல் எல்லா நிலையிலும் அறமாகுமா? இவ்வினாவுக்கு விடைகாண, தொடர்பற்றனபோல் தோன்றும் இருவகைத் தோட்டங்களை ஒப்புநோக்குதல் பயன்தரும். ஒன்று இத்தாலியின் திராட்சைத் தோட்டம். மற்றையது கண்டி மலைச்சாரலின் தேயிலைத் தோட்டம்.

இத்தாலியின் தஸ்கனி மாநிலத்துப் போல்கெரி என்னுமிடத்தில், மாரியோ இன்சிசா தெல்லா ரொக்கெத்தா என்ற பிரபு 1944இல் கபர்னே சோவினியோன் என்னும் பிரெஞ்சுத் திராட்சையினத்தைப் பயிரிட்டார். கற்கள் செறிந்த அந்நிலம் பிரான்சின் போர்தோப் பகுதி நிலத்தை ஒத்திருந்தமையே அவரை அம்முயற்சியிற் புகுத்தியது. அம்மதுவின் பெயராகிய ‘சசிக்காயா’ என்பதும் கல்நிலத்தையே குறிக்கும். மென்மையான மதுவுக்குப் பழகியோர் அதன் முரட்டுத் துவர்ப்பைத் தொடக்கத்தில் விரும்பவில்லை. 1948 முதல் 1967 வரை அது தோட்டத்தாரின் சொந்தப் பாவனைக்கே உரியதாயிருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லத் துவர்ப்புத் தணிந்து சுவை ஆழமுற்றது. 1968ஆம் ஆண்டு அறுவடையின் மதுவே முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. 1985ஆம் ஆண்டின் மது பெரும்புகழ் எய்தியது. அங்கே காலம் செல்வமாயிற்று.

இனி நம்மண்மைக்கு வருவோம். கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பிப் பயிரை இலைநோய் அழித்தபின் தேயிலை மலைநாடெங்கும் பரவியது. திராட்சை மதுவைப்போல் தேயிலை முதுமையால் மேன்மையுறுவதில்லை. பறித்த கொழுந்து தாமதமின்றித் தொழிற்சாலையை அடைய வேண்டும். பதனிட்ட தூளும் நாட்செல்ல மணங்குன்றும். தேயிலை காத்திருப்பதில்லை, அதனைப் பறித்தவரே காத்திருந்தனர்.

போல்கெரியின் மது நிலவறையில் முதிர்ந்துகொண்டிருந்த அதே 1948இல், இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சியோர் 1,50,000 பேரின் நிலை 1974இலேயே தீர்மானிக்கப்பட்டது. இங்கு எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தும், அவர்தம் வழித்தோன்றல்களிற் பலர் தாம் குடியிருக்கும் லயன் அறையின் நிலத்துக்கேனும் இன்றும் உரிமையற்றவராயுள்ளனர். பொறுத்தார் பூமியாளவில்லை.

இரு காத்திருப்புகளுக்கும் வேறுபாடு யாது? காலத்தின் நீளமன்று, காத்திருப்பை முடிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே. பிரபு விரும்பிய நாளில் நிலவறையைத் திறந்து குப்பியை எடுத்திருக்கலாம். எடுக்க இயன்றும் எடாதிருந்தமையால் அது பொறுமை, அது பாராட்டுக்குரியது. தொழிலாளியின் காத்திருப்பு வேறொருவர் விதித்தது. அதனை முடிக்கும் திறப்பு அவர் கையில் இருக்கவில்லை. அதனைப் பொறுமையெனப் புகழ்வது விதித்தவரின் பொறுப்பை மறைப்பதாகும்.

‘துன்பமும் மனிதரைப் பக்குவப்படுத்தும் அன்றோ?’ எனச் சிலர் வினவலாம். உண்மையே. அம்மக்கள் தொழிற்சங்கம் கண்டனர், பாடசாலைகளை வளர்த்தனர், அவர்தம் பிள்ளைகள் பேராதனைப் பல்கலைக்கழகத்துள்ளும் புகுந்தனர். ஆயினும் அப்பக்குவம் அவர்தம் முயற்சியின் பயன்; காக்கவைத்தவரின் கொடையன்று. தீங்கினூடே விளைந்த நன்மை தீங்கை நியாயப்படுத்தாது.

ஹந்தானை மலையடியிற் கல்வி பயிலும் நாம், தலைநிமிர்ந்தால் அத்தோட்டங்களையே காண்கிறோம். நாளை நம்மிற் சிலர் நிருவாகிகளாகவும் ஆசிரியர்களாகவும் அமர்வோம். உரிமை கேட்டு வருவோரிடம் ‘சற்றுப் பொறுங்கள்’ எனக் கூறவும் நேரும். அச்சொல்லை உரைக்குமுன், அக்காத்திருப்பை முடிக்கும் திறப்பு யார் கையிலுள்ளது என நம்மை நாமே வினவுதல் வேண்டும். அது நம் கையிலாயின், பொறுமை அவர்க்குரிய அறமன்று. விரைவே நமக்குரிய அறம்.